வேலியில் ஒரு பொட்டு



இந்த உரைத் தொடரிலே எனக்கு முன் பேசிய பெரியவர்கள் புலவர்களைப் பற்றியும் அவர்கள் ஆக்கித் தந்த நூல்களைப் பற்றியும் பேசினார்கள். நான் இன்று ஒரு நாயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். எங்கள் வீட்டு நாய். எந்த உயர்ந்த சாதியிலும் சேராத, எந்தக் கண்காட்சியிலும் பரிசு பெறாத ஊர்நாய். இலக்கிய நிகழ்ச்சியிலே நாய்க்கு என்ன வேலை என்று நேயர்கள் சிலர் கேட்கலாம். நம் முன்னோர் அப்படிக் கேட்கவில்லை. இறைவன் முன்னே தம்மைத் தாழ்த்திச் சொல்ல வேண்டி வந்த போதெல்லாம் மாணிக்கவாசகப் பெருமான் தேர்ந்தெடுத்த உவமை நாய்தான். நாலடியார் பாடிய சமண முனிவரோ ஒரு படி மேலே போனார். நண்பனைத் தேடுகிறவன் யானையைப் போன்ற பெரியவனைத் தேடாமல் நாயைப் போன்றவனைத் தேட வேண்டும் என்றார். தன்னைக் காயப்படுத்திய கையைக் கண்டும் வாலாட்டுகிற பிராணி அது என்பது அவர் சொன்ன காரணம். அந்தக் காரணத்தின் பொருள் எனக்குப் பள்ளிக்கூடத்திலே விளங்கவில்லை. பின்னர் விளங்கியது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் வேலணை. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து, மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான் என்று மேற்கு நோக்கி வந்தால் எங்கள் ஊர். அதற்கப்பால் புங்குடுதீவு. புங்குடுதீவின் மேற்குக் கரையிலே குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கிருந்துதான் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேற வேண்டும்.

நெடுந்தீவு என்றதும் நேயர்களுக்கு அங்குள்ள குதிரைகள் நினைவுக்கு வரும். பறங்கியரும் ஒல்லாந்தரும் அங்கே குதிரை வளர்த்தார்கள். 1795 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை ஆங்கிலேயரிடம் இழந்து போனார்கள். வளர்த்தவர்கள் போய் இருநூறு வருடங்களுக்கு மேலாகியும், அந்த வழியில் வந்த குதிரைகள் எசமானில்லாமல் அந்த வெளியிலே இன்னும் நிற்கின்றன. மனிதர் போவதும் பிராணிகள் நிற்பதும் எங்கள் தீவுகளுக்குப் புதிதல்ல.

அந்த நெடுந்தீவிலே என் மாமா, அம்மாவின் தம்பி, ஆசிரியராக இருந்தார். 1982 ஆம் ஆண்டு ஒரு விடுமுறைக்கு வந்தபோது இரண்டு உமல்களைத் தூக்கிக் கொண்டு வந்தார். ஒன்றுக்குள்ளே ஒடியல். மற்றதற்குள்ளே ஒரு நாய்க்குட்டி. சிவலை நிறம். வலது காதின் நுனி மட்டும் மடிந்து கிடக்கும்.

"அக்கா, 'குமுதினி'யிலை வரேக்கை நல்ல காத்து. ஆக்களெல்லாம் சத்தி. இவன் மாத்திரம் உமலை விட்டு இறங்கிப்போய்ப் படகோட்டியின்ரை காலடியிலை குந்திக்கொண்டு, நேரை பாத்தபடி வந்தவன்" என்றார் மாமா.

எங்கள் பக்கத்திலே பாய்க்கப்பலைச் செலுத்துகிறவரைத் தண்டையல் என்பார்கள். ஊர்காவற்றுறை பெரிய கப்பற் துறையாக இருந்த காலத்துச் சொல். ஐயா அந்த நிமிடமே குட்டிக்குத் தண்டையல் என்று பெயர் வைத்துவிட்டார். குமுதினி என்ற பெயரும் அன்று எங்கள் வீட்டிலே சிரிப்போடு சொல்லப்பட்டது. 1985 மே 15 ஆம் திகதி அந்தப் படகிலே வந்த பயணிகள், குழந்தைகள் உட்பட, நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்ட பிறகு அந்தப் பெயரை அப்படிச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

தண்டையலின் குணங்களைச் சொல்ல வேண்டும். பெயர்தான் தண்டையல், கடலைக் கண்டால் அவனுக்கு ஆகாது. சாட்டிக் கடற்கரைக்குக் குடும்பமாகப் போவோம். நாங்கள் முழங்கால் தண்ணீரில் நிற்க, அவன் ஈரமணலுக்கு ஓர் அடி இப்பால் நின்று அலையைப் பார்த்துக் குரைப்பான். அலை பின்வாங்கும். தான் துரத்திவிட்டதாக நினைத்து எங்களைத் திரும்பிப் பார்ப்பான். அடுத்த அலை வரும். அவன் ஓட்டம் எடுப்பான். ஒரு பின்னேரம் முழுவதும் இந்தச் சண்டை நடக்கும். ஒரு நாளும் அவன் தோற்றதாக ஒப்புக் கொண்டதில்லை.

பெருங்குளத்து அம்மன் கோயிலிலே மாலைப் பூசை மணி கேட்டதும் முற்றத்தின் நடுவே வந்து நின்று, முகத்தை வானத்துக்குத் தூக்கி, மணி ஓயும் வரை ராகம் இழுப்பான். "பஞ்சபுராணம் தொடங்கியிட்டான்" என்பார் ஐயா. இலங்கை வானொலியிலே செய்தி போகும்போது ஐயாவின் சாய்மனைக் கதிரைக்குக் கீழே நித்திரையாக இருப்பான். மரண அறிவித்தல் தொடங்கினால் எழும்பி வெளியே போய்விடுவான். ஏன் என்று எங்களுக்குத் தெரியாது. "அவனுக்குச் செத்தவீடு பிடியாது" என்று அம்மா ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தா.

இன்னொரு பழக்கம் கயிறு அறுப்பது. தும்புக் கயிறானாலும் நைலோன் கயிறானாலும் அவனுடைய பல்லுக்கு ஒன்றுதான். தன்னைக் கட்டிய கயிற்றை அறுத்தால் குற்றமில்லை. கன்றுக் குட்டியைக் கட்டிய கயிற்றையும் அறுத்துவிடுவான். விடியற்காலை அம்மா செம்போடு போகும்போது கன்று தாயின் மடியை வற்றவைத்து விட்டு நிற்கும். பக்கத்திலே தண்டையல் தருமம் செய்தவனைப் போல உட்கார்ந்திருப்பான். அன்றைக்கு வீட்டிலே எல்லோருக்கும் வெறுந்தேநீர்.

ஐயா யாழ்ப்பாண நகரத்திலே எழுதுவினைஞராக இருந்தார். பின்னேரம் ஐந்தரை பஸ்ஸிலே வங்களாவடிச் சந்தியில் இறங்குவார். தண்டையல் ஐந்தேகாலுக்கு எழும்பிச் சோம்பல் முறித்துச் சந்திக்குப் புறப்படுவான். ஞாயிற்றுக்கிழமை போகமாட்டான். இதைக் கேட்டு ஊரவர்கள் அதிசயப்பட்டார்கள். அதிசயத்தின் அடியிலே ஒரு பணிஸ் இருந்தது. ஐயா பட்டணத்திலிருந்து வரும்போது அவனுக்கென்று ஒரு பணிஸ் வாங்கி வருவார். பஸ்ஸால் இறங்கியதும் பாதியைக் கொடுப்பார். மீதிப் பாதி வீட்டுப் படலையடியில். என்றாவது பணிஸ் இல்லாமல் வந்தால் தண்டையல் அவரோடு சேர்ந்து நடக்கமாட்டான். வீதியின் மற்றப் பக்கத்தாலே, தெரியாதவன் போல நடந்து வருவான்.

"உது உங்களிலை உள்ள அன்பில்லை, பணிசிலை உள்ள அன்பு" என்று அம்மா கேலி செய்வா.

"பணிசுக்குத்தான் வாறான் எண்டாலும் வாறான்தானே" என்பார் ஐயா.

இனி, வேலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தவரின் கதையிலே வேலி வராமல் இராது.

எங்கள் வளவுக்குக் கிழக்கே ஒரு முதியவ தனியாக இருந்தா. நாங்கள் ஆச்சி என்போம். அம்மாவுக்கு மாமி முறை. 1981 இல் வேலி அடைத்தபோது கதியால்கள் அரை முழம் தன் பக்கம் தள்ளிப் போடப்பட்டு விட்டன என்பது ஆச்சியின் வழக்கு. பழைய கதியால் நின்ற இடத்திலேதான் புதுக் கதியாலும் நிற்கிறது என்பது ஐயாவின் வாதம். விஷயம் கோட்டுக்குப் போகவில்லை. ஆனால் பேச்சுவார்த்தை நின்றது. "இனி உங்கடை படலையை மிதிக்கமாட்டன், அம்மாளாச்சி மேலை சத்தியம்" என்று ஆச்சி வீதியிலே நின்று சொன்னா.

தண்டையல் இந்தச் சத்தியத்துக்குள் அடங்காதவன். வந்த ஆண்டிலேயே அந்த வேலியின் அடியிலே கிடுகைப் பிரித்து ஒரு பொட்டு வைத்துவிட்டான். நாங்கள் அடைப்போம். அவன் திறப்பான். அந்தப் பொட்டாலே போய் ஆச்சியின் முற்றத்திலே காயும் மீனைப் பதம் பார்ப்பான், ஆச்சியின் செருப்பில் ஒன்றை மாத்திரம் கவ்வி வருவான், மத்தியானத்திலே ஆச்சி வீட்டுத் திண்ணையிலே படுத்துக் கொள்வான்.

ஆச்சிக்கு எங்களோடு பேச முடியாது. சத்தியம் தடுத்தது. ஆகையால் தன் ஆட்டோடு பேசுவா. "ஆடே, கேட்டியோ கதையை! ஊரான்ரை மீனிலை நாய் வளக்கினம் சிலபேர்." இந்தப் பக்கம் அம்மாவும் சளைக்கமாட்டா. "தண்டையல், கேட்டியோ! மீனை நிலத்திலை காயப்போட்டால் நாய் தின்னாமல் நரியே தின்னும்?" இப்படி ஒன்பது வருடம் இரண்டு பெண்களும் ஓர் ஆட்டையும் ஒரு நாயையும் நடுவர்களாக வைத்து ஒவ்வொரு நாளும் பேசிக் கொண்டிருந்தார்கள். பேச்சில்லை என்று ஊருக்குப் பெயர்.

1990 ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டது. யாழ்ப்பாணக் கோட்டை முற்றுகைக்குள்ளானது. கோட்டையடியிலே தொடங்கும் பண்ணைத் தாம்போதியாலே யாரும் போய்வர முடியாமற் போயிற்று. பஸ் நின்றது. ஐயாவின் வேலையும் நின்றது. ஆனால் ஐந்தேகால் ஆனதும் தண்டையல் எழும்பிச் சந்திக்குப் போனான். பொழுதுபட்டு வாடிய முகத்தோடு திரும்பி வந்தான். இரண்டு நாள் பார்த்தார் ஐயா. மூன்றாம் நாள் தொடக்கம் ஒரு வேலை செய்தார். பின்னேரம் ஐந்து மணிக்குச் சட்டையைப் போட்டுக் கொண்டு பின் ஒழுங்கையாலே சந்திக்குப் போய் அங்கே நிற்பார். தண்டையல் வந்து அவரை வரவேற்று வீட்டுக்குக் கூட்டி வருவான். பேக்கரியிலே மா இல்லை, பணிஸ் இல்லை. மடிக்குள்ளே ஒரு துண்டு ரொட்டி கொண்டு போவார். "பஸ் இல்லை எண்டு அவனுக்கு என்னெண்டு விளங்கப்படுத்திறது?" என்று கேட்பார். அந்த ஆடி மாதம் முழுவதும், வேலையில்லாத ஒரு மனிதர் வேலையிலிருந்து வீடு திரும்பிக் கொண்டிருந்தார்.

ஓகஸ்ட் மாதப் பிற்பகுதியிலே படையினர் ஊர்காவற்றுறையில் தரையிறங்கினார்கள். அவர்கள் கோட்டைப் பக்கம் போவதானால் வேலணையால்தான் போக வேண்டும். ஷெல் விழுந்தது. மேலே ஹெலி சுற்றியது. சனம் அராலித்துறையை நோக்கி ஓடியது. அங்கிருந்து வள்ளத்திலே கடல்நீரேரியைக் கடந்தால் அக்கரை அராலி, வலிகாமம்.

எனக்கு அப்போது பதினைந்து வயது. இரண்டு சைக்கிள். ஒன்றிலே அரிசி மூட்டையும் உடுப்புப் பெட்டியும். மற்றதிலே தங்கச்சி. தண்டையல் எங்களைச் சுற்றிச் சுற்றி ஓடினான். எல்லோருமாக எங்கோ புறப்படுகிறோம் என்றால் அவனுக்கு அது சாட்டிக் கடற்கரைதான்.

"வள்ளத்திலை ஆளுக்கே இடமில்லையாம். இவன் துறைக்கு வந்தால் தண்ணிக்குள்ளை இறங்கமாட்டான், வெட்டையிலை நிண்டு ஷெல்லிலை அம்பிடுவான். வீட்டிலை கட்டிப்போடு. ரண்டு நாளிலை வந்திடலாம்" என்றார் ஐயா.

நான் கட்டினேன். கயிற்றை எடுத்தேன். பிறகு கயிற்றை வைத்துவிட்டு மாட்டுச் சங்கிலியை எடுத்தேன். கயிறானால் அறுத்துக் கொண்டு பின்னால் வந்துவிடுவான் என்று எனக்குத் தெரியும். கழுத்துப் பட்டியிலே சங்கிலியைப் போட்டு, வேப்பமரத்தைச் சுற்றி எடுத்து, கொழுக்கியைக் குறட்டால் நெரித்து மூடினேன். ஒரு சட்டியிலே தண்ணீர். ஒரு பானையிலே சோறு. இரண்டு நாளுக்குக் காணும் என்று கணக்குப் பார்த்தேன். அவன் என் கையை நக்கினான். படலையைச் சாத்தும்போது திரும்பிப் பார்த்தேன். குரைக்கவில்லை. மடிந்த காதைச் சற்றுத் தூக்கி, இதென்ன புது விளையாட்டு என்று பார்த்துக் கொண்டிருந்தான்.

வள்ளத்திலே தங்கச்சி கேட்டாள்: "அண்ணா, நாளையிண்டைக்குப் பிறகு தண்டையலுக்கு ஆர் தண்ணி வைப்பினம்?"

ஒருவரும் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் எங்கள் வீட்டிலே அவனுடைய பெயர் சொல்லப்படவில்லை.

நேயர்களே, மகாபாரதத்தின் கடைசிக் கட்டத்தை நீங்கள் அறிவீர்கள். மனைவியும் தம்பிமாரும் வழியிலே விழுந்துவிட, தருமபுத்திரரோடு மேருமலை வரைக்கும் போனது ஒரு நாய். இந்திரன் தேரோடு வந்து நிற்கிறான். நாயை விட்டுவிட்டு ஏறு என்கிறான். நம்பி வந்ததை விட்டுவிட்டு எனக்குச் சொர்க்கம் வேண்டாம் என்கிறார் தருமர். கோயிலிலே பாரதப் படிப்புக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அவர் சொர்க்கத்துக்குப் போவதற்கே நாயை விடமாட்டேன் என்றார். நாங்கள் அராலிக்குப் போவதற்கு நாயை விட்டுவிட்டோம். அன்று ஓடியவர்கள் மாட்டை அவிழ்த்து விட்டார்கள், ஆட்டை அவிழ்த்து விட்டார்கள், கூட்டைத் திறந்து கோழியை விட்டார்கள். கட்டிவிட்டு வந்தவன் நான்.

இரண்டு நாள், இரண்டு மாதமாயிற்று. அராலியிலிருந்து மானிப்பாய். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தபோது நாங்களும் மழைக்குள்ளே நாவற்குழிப் பாலத்தைக் கடந்து சாவகச்சேரிக்குப் போனோம். அங்கிருந்து வன்னி, மல்லாவி. 1997 இல் நான் கொழும்புக்கு வந்தேன். 1998 இல் ஐயா மல்லாவியிலே ஒரு கொட்டிலுக்குள் கண்ணை மூடினார். இடம்பெயர்ந்த எட்டு வருடத்திலே ஐயா பணிஸ் சாப்பிட்டதை நான் காணவில்லை. தேநீர்க் கடையிலே யாரும் நீட்டினால் வயிறு சரியில்லை என்பார்.

கொழும்பிலே இருந்தபோது ஒரு சஞ்சிகையிலே ஜப்பான் நாட்டு நாய் ஒன்றைப் பற்றிப் படித்தேன். ஹச்சிகோ என்று பெயர். டோக்கியோப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் உவெனோ என்பவர் வளர்த்தது. மாலையிலே ஷிபுயா ரயில் நிலையத்துக்குப் போய் அவரை எதிர்கொள்ளும். 1925 மே மாதம் பேராசிரியர் வேலைத்தலத்திலே திடீரென்று இறந்து போனார். நாய் அதன் பிறகும் நிலையத்துக்குப் போய்க் கொண்டேயிருந்தது, 1935 மார்ச் 8 ஆம் திகதி தான் சாகும் வரை. உயிரோடிருக்கும் போதே, 1934 இல், அதற்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். இறந்த பின் வயிற்றைச் சோதித்தபோது வாட்டிய இறைச்சி கோர்க்கிற குச்சிகள் சில கிடந்தனவாம். அதைக் கொண்டு, அது எசமானுக்காக வரவில்லை, நிலையத்தடிக் கடைக்காரர் போட்ட இறைச்சிக்காகத்தான் வந்தது என்று சொன்னவர்களும் உண்டு. அம்மாவின் பணிஸ்க் கேலி எனக்கு நினைவு வந்தது. சஞ்சிகையை மூடி வைத்துவிட்டேன். அந்த நாய்க்கு ரயில் நிலையத்துக்கு நடந்து போகவாவது கால்கள் விடுதலையாக இருந்தன.

2002 பெப்ரவரியிலே யுத்தநிறுத்த ஒப்பந்தம் வந்தது. ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது. அம்மாவைக் கூட்டிக் கொண்டு வேலணைக்குப் போனேன்.

வீட்டுக்கு ஓடில்லை. கதவுகளும் யன்னல்களும் இல்லை. வேலியிலே கிடுகில்லை, பூவரசங் கதியால்கள் மட்டும் மரமாகி நின்றன. வேப்பமரம் பெருத்திருந்தது. அதன் அடியைப் பார்க்க எனக்குக் கால் ஏவவில்லை. எலும்பும் சங்கிலியுமாக அங்கே என்ன கிடக்கும் என்று பன்னிரண்டு வருடம் கனவிலே பார்த்தவன் நான். அங்கே பற்றைதான் இருந்தது.

அப்போது கிழக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஆடே, பாரன் ஆர் வந்திருக்கினம் எண்டு!"

ஆச்சிதான். கூனி, கோலூன்றி நின்றா. ஊர் ஓடியபோது ஓடாமல் தன் வீட்டிலேயே கிடந்த சில கிழங்களில் அவவும் ஒருத்தி. பக்கத்திலே ஆடு எதுவும் இல்லை. பழக்கதோஷம்.

அம்மா வேலியடிக்குப் போனா. மறுமொழி சொல்ல அவவுக்கு நாய் இல்லை. "மாமி" என்றா. இருபத்தொரு வருடத்துக்குப் பிறகு நேரே சொன்ன முதற் சொல் அது. இரண்டு பேரும் கதியாலைப் பிடித்துக் கொண்டு அழுதார்கள். நான் கேட்கப் பயந்ததை அம்மா கேட்டா.

ஆச்சி சொன்னதை அவவின் பேச்சிலேயே தருகிறேன்.

"ரண்டு நாள் ஊளையிட்டவன் மேனை. நான் பேசாமல் கிடந்தன். உங்கடை நாய், எனக்கென்ன? மூண்டாம் நாள் சத்தமில்லை. சத்தம் நிண்டாப் பிறகுதான் எனக்குப் பயம் பிடிச்சது. வரலாம் எண்டால் சத்தியம் பண்ணிப் போட்டன், உங்கடை படலை மிதிக்கிறேல்லை எண்டு. படலையாலை வரேல்லை. அவன் வைச்ச பொட்டிருந்ததெல்லே? அதாலை பூந்தன். சீலையும் கிழிஞ்சு போச்சு. எட மோனை, ஆர் அந்தக் கொழுக்கியைப் போட்டது? என்ன நெரி நெரிச்சிருக்கிறாய்! கழட்ட ஏலாமல் பாக்குவெட்டியாலை கழுத்துப் பட்டியை அறுத்து விட்டன். கடிப்பானோ எண்டு பயந்தன். கையை நக்கினான்."

நான் அங்கே இருந்த கல்லிலே உட்கார்ந்தேன்.

"பிறகு என்னோடைதான். கஞ்சி வைச்சால் குடிப்பான். பின்னேரமானால் சந்திக்குப் போடுவான். பஸ்சும் இல்லை, சனமும் இல்லை, ஆமிக்காறன்தான் நிண்டவன். அவங்கள் பிஸ்கட் குடுப்பாங்கள், என்னவோ பேர் சொல்லியும் கூப்பிடுவாங்கள். வாங்கித் தின்னுவான். திண்டிட்டுக் கிழக்கை பாத்துக்கொண்டு நிப்பான். பொழுதுபட்டால் வருவான். நாலு வருசம். தொண்ணூத்தி நாலு மார்கழி மழையிலை ரண்டு நாள் எழும்பேல்லை, அதோடை சரி."

"எங்கை மாமி தாட்டனீங்கள்?"

"உங்கடை வேம்படியிலைதான். உங்கடை நாய். என்ரை காணியிலை ஏன்? எல்லைக்கு அங்காலை ரண்டு முழம் தள்ளித்தான் தாட்டனான், வேணுமெண்டால் அளந்து பார்."

அம்மா அழுகையோடு சிரித்தா. ஆச்சி உள்ளே போய், துருவேறிய சங்கிலி ஒன்றைக் கொண்டுவந்து வேலிக்கு மேலாலே நீட்டினா. "உங்கடை சாமான். அறுத்த பட்டியோடை அப்பிடியே வைச்சிருக்கிறன். ஆற்றையும் பொருள் எனக்கு வேண்டாம்." நெரித்து மூடிய கொழுக்கி அப்படியே இருந்தது. வாங்கிய போது என் கை நடுங்கியது.

அன்றிரவு அம்மா சொன்னா: "பஸ்சும் இல்லை, பணிசும் இல்லை. நாலு வருசம் போயிருக்கிறான். இதைக் கேக்க உங்கடை ஐயா இல்லாமற் போனார்." நான் ஒன்றும் சொல்லவில்லை. சங்கிலி போட்டதற்காக அம்மா என்னை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் வேலி அடைக்க ஆள் பிடித்தோம். அம்மா வேலைக்காரத் தம்பியிடம், "கதியாலை அரை முழம் எங்கடை பக்கம் தள்ளிப் போடு" என்றா. அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது: "ஆடே, பழைய இடத்திலையே போடச் சொல்லு!" பழைய இடத்திலேயே போட்டோம். கிடுகு கட்டி வரும்போது, வேம்புக்கு நேரே வந்ததும் அம்மா அந்தத் தம்பியை நிறுத்தினா. "இதிலை அடியிலை ஒரு பொட்டு விடு ராசா."

"நாய் இருக்கோ அம்மா?" என்று கேட்டான் அவன்.

"இல்லை. இருக்கட்டும்" என்றா அம்மா.

ஆச்சி இரண்டு வருடம் கழித்துப் போய்ச் சேர்ந்தா. அம்மா 2011 இல். ஊரெல்லாம் வேலிகள் சீமெந்து மதில்களாகிக் கொண்டு வருகின்றன. எங்கள் கிழக்கு வேலியை நான் இன்னும் கிடுகாலேதான் அடைப்பிக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்த இடத்திலே பொட்டு விடச் சொல்கிறேன். யாருடைய நாயோ, யாருடைய கோழியோ அதனாலே வந்து போகின்றன.

சென்ற முறை போனபோது வங்களாவடிச் சந்திக் கடையிலே ஒரு பணிஸ் வாங்கினேன். பாதியைச் சந்தியிலே நின்று தின்றேன். மீதிப் பாதியை வேம்படியிலே வைத்தேன். பொட்டாலே ஒரு கறுத்தக் குட்டி வந்து அதைக் கவ்விக் கொண்டு, நன்றி சொல்லாமல், வந்த வழியே போயிற்று.